மாத்திரையும் மதிப்பெண்ணும்: எதைக் கொண்டு அளப்பது?

எங்கள் புறநோயாளிப் பிரிவில் காத்திருக்கும் குடும்பத்தினரிடம் அவ்வப்போது வினாத்தாள்கள் வழங்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டமேற்படிப்பு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டுக்காகக் கேட்கும் கேள்விகள் அவை. அண்மையில் வலி மாத்திரைகளைப் பற்றியும் வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரே தாளில் கேள்விகள் வந்தபோது பலருக்கு மனம் சுருங்கியது. "என் வீட்டுக்காரருக்குப் புற்றுநோய். அவர் மார்ஃபின் சாப்பிடுகிறார். அதற்கும் என் மகனுடைய பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் என்ன தொடர்பு, டாக்டர்?" என்று பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மையார் நேராகவே கேட்டார்.

நியாயமான கேள்வி. சென்னையில் வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காக இளைஞர்களுக்கு விற்றவர்கள் கைதானார்கள் என்னும் செய்தியைப் படிக்காத மாதமில்லை. அச்செய்தியைப் படித்த பெற்றோர் மகனுடைய மதிப்பெண் பட்டியலையும் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள்; இரண்டையும் இணைத்து அஞ்சுகிறார்கள். ஆய்வாளரும் அதே இரண்டையும்தான் இணைத்துப் பார்க்க விரும்புகிறார். ஆனால் எதை அளக்கிறோம், எந்தக் கருவியால் அளக்கிறோம் என்பதில் சறுக்கினால், ஆய்வின் முடிவு ஒரு குற்றமற்ற பிள்ளையின் மீதோ, வலியால் துடிக்கும் ஒரு நோயாளியின் மீதோ விழும். ஆகவே அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைக் குடும்பத்தினரும் அறிந்திருப்பது நல்லது.

முதலில் மருந்தைப் பற்றிச் சில சொற்கள். அபினியிலிருந்து கிடைக்கும் மார்ஃபின், கோடீன் ஆகியவையும், அவற்றைப் போலவே மூளையிலும் தண்டுவடத்திலும் செயற்படும் டிரமடால், டபென்டடால், ஃபென்டனில் முதலிய செயற்கை மருந்துகளும் சேர்ந்து ஓபியாய்டுகள் எனப்படுகின்றன. ஹெராயினும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் புற்றுநோய் வலியிலும் இவற்றுக்கு ஈடான மருந்து எங்களிடம் வேறு இல்லை. 2018 ஏப்ரலில் டிரமடால் போதைமருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு தவறான கைகளில் டபென்டடால் மிகுதியாகப் புழங்கத் தொடங்கியதை மருத்துவர்கள் கண்டுவருகிறோம். விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரையை உருட்டத் திரட்டச் சேர்க்கும் கரையாத துகள்கள் நுரையீரலின் நுண்குழல்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஊசி வழியே கிருமிகள் இரத்தத்திலும் இதயத்தின் அடைப்பிதழ்களிலும் குடியேறும். மருந்து மட்டுமே ஆபத்து என்று எண்ண வேண்டாம்.

இனி, "தவறான பயன்பாடு" என்றால் என்ன? இதைத்தான் பல ஆய்வுகள் தெளிவாகச் சொல்வதில்லை. மருத்துவர் சொன்ன அளவில் சொன்ன காரணத்துக்காக உண்பது ஒன்று. மருத்துவர் சொன்ன மருந்தையே கூடுதலாகவோ, தூக்கத்துக்காகவோ, கவலை மறக்கவோ உண்பது மற்றொன்று. பிறருக்கு எழுதிக் கொடுத்த மருந்தைத் தான் எடுத்துக்கொள்வது மூன்றாவது. விட முடியாமல், வாழ்க்கை முழுவதும் அதைச் சுற்றியே அமைந்துவிடும் நிலை நான்காவது. இந்நான்கையும் ஒரே கூடையில் போட்டுப் "பழக்கம்" என்று பெயர் சூட்டிவிடுகிறோம். நம் மொழியில் "பழக்கம்" என்னும் சொல் அறிமுகத்தையும் குறிக்கும், வழக்கத்தையும் குறிக்கும், அடிமைநிலையையும் குறிக்கும். "மாத்திரைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டால், இரத்த அழுத்தத்துக்குப் பத்தாண்டுகளாக மாத்திரை உண்ணும் பாட்டி "உண்டு" என்றுதான் சொல்வார்.

மேலே நான் குறிப்பிட்ட அம்மையாரின் கணவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நாளும் மார்ஃபின் உண்கிறார். சில மாதங்களில் பழைய அளவு போதாமல் போகிறது. ஒரு வேளை தவறினால் வியர்வையும் வயிற்றுப்போக்கும் நடுக்கமும் வருகின்றன. இவை உடல் அம்மருந்துக்கு இசைந்துவிட்டதன் அறிகுறிகள். அடிமைநிலைக்குச் சான்றுகள் அல்ல. உலகெங்கும் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் ஓபியாய்டு பயன்பாட்டுக் கோளாறுக்கு 11 அடையாளங்கள் உள்ளன; ஓராண்டுக் காலத்துக்குள் 2 இருந்தாலே கோளாறு எனலாம். ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் மருந்து உண்பவருக்கு, அளவு கூட வேண்டியிருப்பதும் நிறுத்தினால் துன்பம் வருவதும் ஆகிய இரண்டையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அக்கையேடே விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கை மறந்த ஓர் ஆய்வாளர், புற்றுநோய்ப் பிரிவில் உள்ள பெரும்பாலானோரையும் போதை அடிமைகள் என்று எழுதிவிடக்கூடும். அதைப் படித்த மகன் தந்தையின் மருந்தை நிறுத்திவிடவும் கூடும். வலிக்கு மருந்து இருந்தும் பழிக்கு அஞ்சி அதைத் தொடாமல் இறுதி நாள்களைக் கழித்தவர்கள் நம் நகரிலும் உண்டு.

கருவியும் அதன் பிறப்பிடமும்

ஒவ்வொரு வினாத்தாளும் யாருக்காகவோ, எதற்காகவோ பிறந்தது. "காம்" என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு வினாத்தாள் உண்டு. 17 கேள்விகள், கடந்த 30 நாள்களைப் பற்றியவை. நீண்டகால வலிக்காக ஏற்கெனவே ஓபியாய்டு உண்டுவரும் நோயாளிகளுக்காக அமைக்கப்பட்டது. எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் எடுத்தீர்களா, வேறிடத்தில் மருந்து தேடினீர்களா, மருந்தைக் கையாளும் விதம் உங்களுக்கே கவலை தந்ததா என்ற போக்கில் அது கேட்கும். 9 மதிப்பெண் வந்தாலே "கவனிக்க" என்று கொடி காட்டும். யாரையும் தவறவிட்டுவிடக் கூடாது என்பதற்காக வரம்பை வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருக்கிறார்கள். அதனால் பிழையில்லாதவர் சிலரும் வலையில் சிக்குவார்கள். மருத்துவர் அதன் பின் அமர்ந்து பேசித் தெளிவுபெறுவார் என்ற எண்ணத்தில் செய்த கருவி அது. இதைப் பள்ளி மாணவர்களிடம் கொடுத்தால் பாதிக் கேள்விகளுக்குப் பொருளே இராது. ஏனெனில் அவர்களுக்கு மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவரே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய "அசிஸ்ட்" வேறு வகை. அதை வளர்த்தெடுத்து ஆய்ந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 8 கேள்விகள் கொண்டு புகையிலை முதல் ஓபியாய்டு வரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுகிறது. ஓபியாய்டுக்கு 3 வரை குறைந்த இடர், 4 முதல் 26 வரை நடுத்தர இடர், 27-உம் அதற்கு மேலும் உயர்ந்த இடர். பெரும்பாலான கேள்விகள் கடந்த 3 மாதங்களைப் பற்றியவை. மருத்துவ நோக்கமல்லாத பயன்பாட்டை மட்டுமே கேட்கிறோம் என்பதை அது தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. புற்றுநோயாளியைத் தவறாகச் சேர்த்துவிடாமல் காப்பது இந்த ஒரு வாக்கியமே. அவசரத்தில் பல ஆய்வு மாணவர்கள் மொழிபெயர்க்காமல் தாண்டிச் செல்வதும் இதே வாக்கியத்தைத்தான்.

12 முதல் 21 வயது வரையுள்ளோருக்கென்று பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான "கிராஃப்ட்" என்னும் ஆறு கேள்விகளும் புகழ்பெற்றவை. இரண்டு கேள்விக்கு ஆம் என்றால் மேலும் விசாரிக்க வேண்டும். அதன் முதற்கேள்வி, போதையில் இருப்பவர் ஓட்டிய காரில் நீ சென்றதுண்டா என்பது. நொச்சிக்குப்பத்துப் பிள்ளை "இல்லை" என்று உண்மையாகவே சொல்லிவிட்டு, நண்பனுடைய பைக்கின் பின்னால் ஏறிக் கடற்கரைச் சாலையில் போய்விடுவான். மொழி மாறினால் போதாது, வண்டியும் மாற வேண்டும். அன்றியும், கிராஃப்ட் போதைப்பொருள் எதுவாயினும் ஒன்றாகவே கேட்கிறது. ஓபியாய்டை மட்டும் பிரித்தறிய வேண்டிய ஆய்வுக்கு அது தனித்து உதவாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருந்தை நிறுத்தும்போது வரும் துன்பத்தை அளக்கும் 11 அடையாளப் பட்டியல் ஒன்று உண்டு. கண்மணி விரிவு, நாடித்துடிப்பு, கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல் முதலியவற்றைப் பார்த்து மதிப்பெண் இடுவோம். அது படுக்கையருகே பயன்படுவது. ஒருவர் மருந்தைத் தவறாகப் பயன்படுத்துகிறாரா என்பதை அது சொல்லாது. ஆயினும் அதை அந்த நோக்கில் கையாளும் ஆய்வு முன்வரைவுகள் வருவதுண்டு. எடைக்கல்லைக் கொண்டு துணியை அளப்பது போன்றது அது.

கேள்வியின் சொற்கள்

"போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா?" என்று கேட்டால் மாத்திரை எடுக்கும் இளைஞர் பலர் இல்லை என்பார்கள். அது முழுப் பொய் அன்று. கஞ்சாவும் ஹெராயினும்தான் அவர்கள் மனத்தில் போதைப்பொருள். மருந்துக் கடையில் அட்டையோடு கிடைப்பது மருந்து. சரி, "மருத்துவர் சீட்டின்றி வலி மாத்திரை எடுத்ததுண்டா?" என்று மாற்றிக் கேட்டால், வகுப்பில் பாதிக்கு மேல் கை உயரும். தலைவலிக்குப் பாராசிட்டமாலும், மாதவிடாய் வலிக்கு மெஃபெனமிக் அமிலமும் எடுத்த பெண்பிள்ளைகள் அனைவரும் அதில் அடங்குவர். அந்த எண்ணைத் தலைப்பாக இட்டு ஒரு செய்தி வந்தால், அடுத்த நாள் எத்தனை வீடுகளில் பெண்பிள்ளைகளின் பைகள் சோதிக்கப்படும் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1975 முதல் ஆண்டுதோறும் பள்ளி மாணவர்களிடம் நடக்கும் பெரிய கணக்கெடுப்பு ஒன்றில் இதற்கு நல்ல பாடம் உண்டு. ஹெராயின் அல்லாத ஓபியாய்டுகள் குறித்த கேள்வியில் எடுத்துக்காட்டாகப் பழைய, வழக்கொழிந்த மருந்துகளின் பெயர்களே நெடுநாள் இருந்தன. 2002-இல் அவற்றை நீக்கி, அப்போது கடைகளில் புழங்கிய மருந்துகளின் பெயர்களைச் சேர்த்தார்கள். உடனே "ஆம்" என்றவர்களின் விழுக்காடு தெளிவாக உயர்ந்தது. ஓராண்டில் பிள்ளைகள் திடீரென்று கெட்டுவிடவில்லை. கேள்வி அவர்களுக்குப் புரிந்தது. சென்னைக்கும் இது பொருந்தும். 1990-களில் இங்கு ஹெராயின் பயன்படுத்தியவர்கள் பலர் புப்ரெனார்பின் ஊசிக்கு மாறினார்கள். இன்று பேச்சு டபென்டடாலைப் பற்றியது. பட்டியல் காலத்துக்கேற்ப மாற வேண்டும்.

ஆனால் பெயரைச் சொல்லிக் கேட்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இதுவரை அறியாத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மருந்தின் பெயரையும் படத்தையும் நாமே அறிமுகம் செய்துவிடுகிறோம். என் கருத்து இது: பெரிய வகுப்புகளுக்கும் கல்லூரிகளுக்கும் பெயர் சொல்லிக் கேட்கலாம், சிறு வகுப்புகளில் "உடல்நலம் சரியில்லாதபோது அல்லாமல், வேறு காரணத்துக்காக" என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதனால் சில "ஆம்"கள் தவறிப்போகும். தவறட்டும்.

ஐரோப்பியப் பள்ளிக் கணக்கெடுப்பில் ஓர் அழகிய உத்தி உண்டு. உலகில் இல்லவே இல்லாத ஒரு மருந்துக்கு "ரெலெவின்" என்று பெயர் சூட்டிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதையும் பயன்படுத்தியதாகச் சொல்லும் மாணவனின் மற்ற விடைகளை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும். வீரம் பேசும் வயதில் இல்லாததை உண்டென்பதும் நடக்கும்.

எனினும் உண்டென்பதை இல்லையென்பதே மிகுதி. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் முன்னின்று 10 நகரங்களில் 5,920 பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2025-இல் வெளியானது. பெங்களூருவும் ஹைதராபாத்தும் அதில் உண்டு, சென்னை இல்லை. வாழ்நாளில் ஒருமுறையேனும் ஏதேனும் ஒரு போதைப்பொருளைத் தொட்டவர்கள் 15.1 விழுக்காடு, கடந்த ஓராண்டில் 10.3, கடந்த ஒரு மாதத்தில் 7.2. தொடங்கிய சராசரி வயது 12.9. புகையிலைக்கும் மதுவுக்கும் அடுத்த இடம் ஓபியாய்டுகளுக்கு. இம்மூன்று விழுக்காடுகளையும் உற்றுப் பாருங்கள். ஒரே பிள்ளைகள், ஒரே ஆய்வு. கால எல்லை மட்டும் மாறியதால் எண் பாதியாகக் குறைகிறது. இனி எந்தச் செய்தியிலாவது "மாணவர்களில் இத்தனை விழுக்காட்டினர்" என்று படித்தால், எந்தக் காலத்துக்குள் என்று கேளுங்கள். அதே ஆய்வில், தங்களிடம் கேட்டால் பயன்பாட்டை மறைத்துவிடுவோம் என்று சொன்ன மாணவர்கள் பாதிக்கு மேல். அப்படியானால் மேற்கண்ட எண்கள் தரைமட்டம். உச்சி எங்கென்று தெரியாது.

சிறுநீர்ப் பட்டையின் சாட்சியம்

"கேள்வி எதற்கு? சிறுநீரைச் சோதித்துவிடுங்கள்" என்று வரும் தந்தையர் பலர். மறைக்க முடியாத சான்று என்று நம்புகிறார்கள். ஆனால் எளிதில் கிடைக்கும் "ஓபியேட்" பட்டை, மார்ஃபினையும் கோடீனையும் ஹெராயினின் எச்சத்தையும் கண்டறியவே செய்யப்பட்டது. டபென்டடாலும் டிரமடாலும் ஃபென்டனிலும் வேதியமைப்பில் வேறானவை. பட்டை அவற்றைப் பெரும்பாலும் காணாது. அவற்றுக்குத் தனிச் சோதனைகள் வேண்டும். ஆகவே நம் ஊரில் இன்று எதைப் பற்றி அஞ்சுகிறோமோ, அதையே பட்டை தவறவிடும். மறுபுறம், இருமலுக்குக் கோடீன் கலந்த மருந்து குடித்தவருக்கு அது "உண்டு" என்னும். கசகசாவும் அபினிச் செடியின் விதைதான். விருந்தில் கசகசாப் பாயசத்தை இரண்டு குவளை குடித்தவருடைய சிறுநீரிலும் மார்ஃபினின் சுவடு தென்பட வாய்ப்புண்டு. மேலும் பட்டை பொதுவாக இரண்டு மூன்று நாள்களுக்கு முந்தைய செய்தியைச் சொல்லாது. வாராவாரம் ஞாயிறன்று எடுப்பவன் வெள்ளியன்று தூயவனாகத் தெரிவான்.

ஆய்வில் ஒரு சிறு குழுவிடம் வினாத்தாளின் விடைகளைச் சரிபார்க்க ஆய்வகச் சோதனை பயன்படும். வீட்டில் மகனைக் குளியலறை வாசலில் நிறுத்திச் செய்யும் சோதனையால் அவன் நம்பிக்கையை இழப்பதைத் தவிர வேறு பயன் காண்பது அரிது.

இங்கே ஒரு சிறு கணக்கும் தேவை. விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு பள்ளியில் 1,000 மாணவர்கள். அவர்களில் 20 பேர் உண்மையில் மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். நம்மிடம் உள்ள கருவி மிக நல்லது: பயன்படுத்துவோரில் 90 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கும், பயன்படுத்தாதோரில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும். 20 பேரில் 18 பேர் அகப்படுவர். மீதமுள்ள 980 பேரில் 98 பேரும் அகப்படுவர். ஆக, கொடி காட்டப்பட்ட 116 பேரில் உண்மையானவர் 18 பேர். ஏறக்குறைய ஆறில் ஒருவர். இதே கருவியை எங்கள் பிரிவுக்குச் சந்தேகத்தின் பேரில் அனுப்பப்பட்ட 100 பேரிடம், அவர்களில் 40 பேர் உண்மையில் பயன்படுத்துவோராக இருக்கும் இடத்தில் வையுங்கள். 36 பேர் சரியாகவும் 6 பேர் தவறாகவும் அகப்படுவர். கருவி மாறவில்லை, இடம் மாறியது. பள்ளி முழுவதையும் சோதித்துப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு கேட்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கு நான் இக்கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன். அந்த 98 பிள்ளைகளில் ஒருவர் உங்களுடையவராக இருக்கலாம்.

மதிப்பெண் என்னும் அளவுகோல்

மருந்தை அளப்பது கடினம், மதிப்பெண்ணோ அச்சடித்துக் கையில் இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் இரண்டாவதே எனக்கு அதிகத் தலைவலி தருகிறது.

தேர்ச்சியா, தோல்வியா என்பதை அளவாகக் கொள்ளும் ஆய்வுகள் உண்டு. 2025-இல் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேர்ச்சி 95.03 விழுக்காடு, பத்தாம் வகுப்பில் 93.80. ஏறத்தாழ அனைவரும் தேறும் தேர்வில் தேர்ச்சி என்னும் அளவு பிள்ளைகளை வேறுபடுத்திக் காட்டாது. 90 விழுக்காட்டிலிருந்து 60-க்குச் சரிந்த மாணவனும் "தேர்ச்சி" என்றே எழுதப்படுவான். அவனுடைய சரிவே நாம் பார்க்க வேண்டியது.

மொத்த மதிப்பெண்ணைக் கொள்ளலாமா? 2018 வரை பன்னிரண்டாம் வகுப்பு 1,200-க்கு, இப்போது 600-க்கு. பெருந்தொற்றின்போது 2021-இல் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினோராம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 என்ற விகிதத்தில் மதிப்பெண் கணக்கிட்டார்கள். அவ்வாண்டின் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மதிப்பெண்ணின்றியே தேர்ச்சி வழங்கப்பட்டது. இக்காலத்தைக் கடந்த ஒரு மாணவனின் "பழைய மதிப்பெண்"ணையும் இன்றைய மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு, சரிவுக்கு மாத்திரையே காரணம் என்பது பிழையாகிவிடும். மயிலாப்பூரில் ஒரே தெருவில் மாநிலப் பாடத்திட்டத்தில் ஒருவர், மத்திய வாரியத்தில் ஒருவர் என்று படிக்கிறார்கள். இருவரின் 80-ம் ஒரே 80 அன்று. வகுப்புக்குள், அதே தேர்வை எழுதியோரிடையே அம்மாணவனின் இடம் எங்கே என்று பார்ப்பதே ஓரளவு நேர்மையானது.

மாணவரிடமே மதிப்பெண்ணைக் கேட்டுவிடுவது எளிது. பெரும்பாலோர் ஏறத்தாழச் சரியாகவே சொல்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மதிப்பெண் குறைந்தவர்களிடம்தான் அந்தத் துல்லியம் தளர்கிறது. அவர்கள் கூட்டிச் சொல்கிறார்கள். நம் ஆய்வுக்கு யார் மிக முக்கியமோ, அவர்களிடமே அளவுகோல் வளைகிறது. ஆகவே பெற்றோரின் ஒப்புதலோடு பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெறுவதே நல்லது. பதிவேட்டிலிருந்து வருகைப்பதிவையும் எடுக்கலாம். என் அனுபவத்தில் மதிப்பெண்ணை விட வருகை முன்கூட்டிப் பேசும். மதிப்பெண் ஆண்டிறுதியில் சொல்வதை, திங்கட்கிழமைகளில் விழும் விடுப்பு ஜூலையிலேயே சொல்லிவிடும். ஒரு எச்சரிக்கை: அக மதிப்பீட்டு மதிப்பெண்ணில் வருகைக்கும் பங்குண்டு. இரண்டையும் தனித்தனி அளவுகளாகக் கூட்டினால் ஒரே பொருளை இருமுறை எடைபோட்டதாகும்.

கால எல்லையும் பொருந்த வேண்டும். கடந்த 30 நாள்களின் மாத்திரையையும், எட்டு மாதத்துக்கு முந்தைய பொதுத்தேர்வையும் ஒரே அட்டவணையில் வைத்துத் தொடர்பு காண்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எது முன், எது பின்? தேர்வில் தோற்றதால் மனமுடைந்து மாத்திரையைத் தொட்ட பிள்ளையும் உண்டு; மாத்திரையால் தோற்ற பிள்ளையும் உண்டு. தந்தையின் குடி, வீட்டு வறுமை, மனச்சோர்வு இவை இரண்டையும் ஒருசேரத் தோற்றுவித்திருக்கவும் கூடும். ஒரே நாளில் எடுத்த கணக்கெடுப்பால் இவற்றைப் பிரிக்க முடியாது. அதே பிள்ளைகளை இரண்டு மூன்று முறை, ஆண்டு கடந்து கேட்டால்தான் ஓரளவு விளங்கும்.

மருத்துவமனை வாசகர்களாகிய உங்களுக்கு இதில் தனிச் செய்தி ஒன்று உண்டு. விபத்தில் தொடை எலும்பு முறிந்து, அறுவைக்குப் பின் டிரமடால் எடுத்து, இரண்டு மாதம் பள்ளிக்குப் போகாத பிள்ளையின் மதிப்பெண் குறையத்தான் செய்யும். வலியும், தூக்கமின்மையும், விடுபட்ட பாடமும் அதற்குப் போதும். ஓபியாய்டு எடுத்தவர், மதிப்பெண் குறைந்தவர் என்ற இரு கட்டங்களிலும் குறி விழுந்துவிட்டதால் அப்பிள்ளை ஒரு புள்ளிவிவரத்துக்குத் தவறான சாட்சியாகிவிடுகிறான். எங்கள் மாணவர்களின் தாளில் "இம்மருந்து உனக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்ததா? எந்த நோய்க்கு?" என்ற இரு கேள்விகள் முதலில் வருவது இதனால்தான். அம்மையாரின் வினாவுக்கும் இதுவே விடை. அவர் கணவரின் மருந்தை அவர் மகனின் மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடுவதற்காக அக்கேள்விகள் கேட்கப்படவில்லை. வீட்டில் ஓபியாய்டு இருப்பதை அறிந்தால்தான், அதைப் பிள்ளைகள் தொடும் வாய்ப்பை, கடையிலிருந்து வாங்குவோரிடமிருந்து பிரித்தறிய முடியும்.

பள்ளிக் கணக்கெடுப்புகள் எதிலும் பள்ளியை விட்டுப் போனவர்கள் இல்லை. மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் அன்று அந்த வகுப்பறையில் அமர்ந்திருப்பதில்லை. 2018-இல் நம் நாட்டில் நடந்த தேசியக் கணக்கெடுப்பு இதை உணர்ந்து இரு வழிகளில் சென்றது. 2,00,111 வீடுகளில் 4,73,569 பேரைச் சந்தித்தது ஒரு வழி. பயன்படுத்துவோர் ஒருவர் மூலமாக அடுத்தவரை அறிந்து 72,642 பேரைச் சந்தித்தது மறுவழி. 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் சுமார் 2.1 விழுக்காட்டினர் ஓபியாய்டு பயன்படுத்துகிறார்கள் என்று அது மதிப்பிட்டது. பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவரால் அத்தனை பெரிய வேலை ஆகாது. ஆனால் பெயர் நீக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையைப் பள்ளியிடம் கேட்டு எழுதி வைக்கலாம். அது ஒரு மணி நேர வேலை.

தாள் உங்கள் கைக்கு வரும்போது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்க்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அத்துடன் 12 வயதைக் கடந்த பிள்ளையின் எழுத்துமூலமான இசைவும் வேண்டும். பிள்ளை மறுத்தால் பெற்றோர் கையெழுத்திட்டாலும் சேர்க்கக் கூடாது. தாளில் பெயர் இருக்குமா, எண் மட்டும் இருக்குமா என்று கேளுங்கள். பெயரே இல்லாத தாளில் பிள்ளைகள் உண்மையை எழுதுவார்கள். ஆனால் உதவி தேவைப்படும் பிள்ளையை நாங்கள் தேடிப் போக முடியாது. எண் இட்ட தாளில் தேடிப் போகலாம். ஆனால் உண்மை குறையும். இதற்கு நடுவழியாக, பெயரில்லாத் தாளின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துத் தனியே பெட்டியில் போடும்படி வைத்து, "என்னோடு பேசுங்கள்" என்று விரும்புவோர் மட்டும் அதில் எழுதும் முறையை நான் பரிந்துரைக்கிறேன். விடைகள் பள்ளிக்கோ காவல்துறைக்கோ செல்லுமா என்றும் கேளுங்கள். செல்லாது என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைநோயாளிக்குப் போதைமருந்துச் சட்டத்தின் 64அ பிரிவு, குறிப்பிட்ட குற்றங்களில் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. இதை அறியாமல் சிகிச்சைக்கே வர அஞ்சுவோர் மிகுதி.

வீட்டில் மார்ஃபினோ டிரமடாலோ டபென்டடாலோ இருந்தால், பூட்டக்கூடிய ஓரிடத்தில் வையுங்கள். ஒவ்வொரு வாரமும் அட்டையை எண்ணிக் குறித்துவையுங்கள். நோயாளி காலமான பின் மிஞ்சும் மாத்திரைகளைத் துக்கத்தில் மறந்துவிடுகிறோம். அவற்றை அப்படியே எடுத்துவந்து எங்கள் பிரிவுச் செவிலியரிடம் காட்டி, என்ன செய்வதென்று கேளுங்கள். மருத்துவரைக் கேளாமல் நோயாளியின் மருந்தை நிறுத்த வேண்டாம்.

பிள்ளையைப் பற்றி ஐயம் எழுந்தால் முதலில் பேச்சு, பிறகு மருத்துவர். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. அடையாறு பக்கம் இருப்பவர்களுக்கு, இந்திரா நகரில் 1980 முதல் இப்பணியைச் செய்துவரும் டி.டி.கே. மருத்துவமனை அருகிலேயே உள்ளது. எங்கள் பிரிவுக்கு வருவதானால் பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் வேண்டாம். கடந்த மூன்று மாத வருகைப்பதிவும், வீட்டில் உள்ள மருந்துச் சீட்டுகளும் கொண்டுவந்தால் போதும்.